மௌனம் குற்றமான வரலாறு

இராயபுரம் முதல் எண்ணூர் வரை, துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் குடும்பங்களில், ஒரு குழந்தையின் துயரம் வீட்டுக்கு வெளியே முதலில் புலப்படுவது மருத்துவருக்கோ ஆசிரியருக்கோதான். கண்டதை அவர்கள் சொல்லியே ஆகவேண்டும் என்னும் சட்டம் எப்போது பிறந்தது?

இந்திய மாகாணங்களுள் முதன்முதல் சிறார் சட்டம் கண்டது நம் சென்னை மாகாணம், ஆண்டு 1920. ஆயினும் மருத்துவரின் கடமை வேறொரு நாட்டில் உருவாயிற்று. பெற்றோர் கையாலேயே குழந்தைகளின் எலும்பு முறிவதை 1962இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி கெம்ப் எடுத்துரைத்தார். 1967க்குள் அந்நாட்டு மாநிலங்கள் அனைத்தும் அக்கடமையைச் சட்டமாக்கின.

நம் நாட்டில் 2012 நவம்பர் 14இல் போக்சோ சட்டம் நடைமுறைக்கு வந்தது. குழந்தைக்குப் பாலியல் கொடுமை நேர்ந்ததை அறிந்தவரும், நேருமென அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டுமென்கிறது அதன் 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தம் கீழுள்ளவர் செய்த குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு சொன்னவருக்குச் சட்டமே அரண். விடுதி மாணவியர்க்கு நேர்ந்ததைத் தெரிவிக்கவில்லையெனக் குற்றஞ்சாட்டப்பெற்ற மகாராஷ்டிர மருத்துவர் ஒருவர்மீதான வழக்கை உயர்நீதிமன்றம் தள்ளியது செல்லாதென 2022இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது.

குடும்ப மானம் என்று நாம் மூடிவைப்பது பலவேளை குற்றவாளியை அன்றோ காக்கிறது! ஆசிரியரோ உஸ்தாதோ மருத்துவரோ காவல் நிலையப் படியேறினால், அவரைப் பகைவராய்க் கருதாதிருப்போம். 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணை நம் பிள்ளைகளும் அறியட்டும்.