கிருஷ்ணகிரி மலைக்கோட்டை ஏன் தப்பித்தது?

பர்கூரிலிருந்து ஓசூர் பக்கம் பஸ்ஸில் போகிறவர்கள் கிருஷ்ணகிரியில் தலையைத் தூக்கினால் அந்த மொட்டைப் பாறை தெரியும். சையத் பாஷா மலை. மேலே தர்காவும் பழைய மதிலும். வெள்ளைக்காரனால ஏறிப் பிடிக்க முடியாத கோட்டை என்று சொன்னால் அது பொய்யில்லை. 1767இல் கும்பெனிப் படை முட்டிப் பார்த்தது, முடியவில்லை. பிறகு சுற்றி வளைத்துச் சோற்றை நிறுத்தித்தான் வாங்கினார்கள். அதையும் 1769 உடன்படிக்கையில் ஹைதர் அலியிடமே திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஆனால் அடுத்த முறை அவர்கள் பீரங்கியோடு வந்து உட்காரவே இல்லையே, ஏன்? பாறை செங்குத்து என்பது பாதிப் பதில்தான்.

1791 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்து வாசல் வரை போன காரன்வாலிஸ், மாடுகள் செத்து, அரிசி தீர்ந்து, தன் பெரிய பீரங்கிகளைத் தானே உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். அதன்பின் அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு வழி. கீழ்நாட்டிலிருந்து தானியம் மேலேறும் வழி. ஜூலையில் ஓசூரும் இராயக்கோட்டையும் கைக்கு வந்ததும் அது கிடைத்துவிட்டது. அப்புறம் கிருஷ்ணகிரி எதுக்கு?

ஒரேயொரு தொந்தரவு மிச்சம். மலையடியில் இருந்த பேட்டை திப்புவின் குதிரைப்படைக்கு ஒதுங்க இடம் கொடுத்தது. நவம்பர் 7 இரவு மேக்ஸ்வெல் வந்தது அதை அழிக்கத்தான். கீழ்க்கோட்டை சட்டென்று விழுந்தது. ஓடுகிறவர்களோடு சேர்ந்து மேலேயும் புகுந்துவிடலாம் என்ற ஆசையில் சிப்பாய்கள் துரத்தினார்கள். கதவு மூடிக்கொண்டது. மேலிருந்து பாறைகள் உருண்டன. ஏணி தூக்கியவர்கள் ஏணியோடு நசுங்கினார்கள். விடியும்வரைகூட நிற்கவில்லை, பேட்டைக்குத் தீ வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டையின் பெருமையைப் பேசும்போது எரிந்துபோன அந்த வீடுகளை நாம் பேசுவதே இல்லை.

பிடிக்க முடியாது என்பதுதான் காரணமென்றால், சாவன்துர்க்கம் இன்னும் கொடூரமான பாறை. சுற்றிலும் காடு வேறு. அடுத்த மாதமே அங்கே காட்டுக்குள் பீரங்கிகளை இழுத்துப்போய், மதிலை உடைத்து, டிசம்பர் 21 அன்று ஏறிவிட்டார்கள். பெங்களூருக்கும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் நடுவே அவர்கள் சரக்கு போகும் வழிக்குப் பக்கத்தில் அது இருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

1792 மார்ச்சில் திப்பு பாராமகாலை விட்டுக்கொடுத்தபோது கிருஷ்ணகிரியும் காகிதத்திலேயே கைமாறியது. படை பிடித்த ஓசூரோ திரும்பத் திப்புவிடம் போய், 1799 வரை மைசூரோடு இருந்தது.