செல்ப் ஸ்டார்ட் பிறந்த கதையும், அது மக்கர் செய்யும் கதையும்

காலையில் அவசரமாகக் கிளம்பும்போது ஸ்விட்சை அமுக்கினால் "டிக்" என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்! இன்ஜின் அசையாது. பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பு சொல்வார்கள்: "பேட்டரி போச்சு". ஆனால் அந்தச் சின்ன ஸ்விட்சுக்குப் பின்னால் வேலை செய்பவர்கள் நான்கு பேர்: பேட்டரி, ரிலே, மோட்டார், ஒருவழி கிளட்ச். இவர்களில் யார் படுத்துக்கொண்டாலும் வண்டி கிளம்பாது. இந்த நால்வரும் ஒன்றாகச் சேர்ந்து ஒழுங்காக உழைக்க ஆரம்பிப்பதற்கே பல பத்தாண்டுகள் ஆகின.

கதை மோட்டார் சைக்கிளில் தொடங்கவில்லை. காரில் கூட இல்லை. கடைக் கல்லாப்பெட்டியில் தொடங்குகிறது! அமெரிக்காவின் டேட்டன் நகரில் கேஷ் ரிஜிஸ்டர் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்த சார்லஸ் கெட்டரிங், கல்லாப்பெட்டி மின்சாரத்தில் இயங்க ஒரு சிறிய மோட்டாரைப் பொருத்தினார். அதில் அவர் கண்ட உண்மை இதுதான்: ஒரு மோட்டார் சில விநாடிகள் மட்டும் ஓடினால் போதும் என்றால், அதன் சக்திக்கு மீறிய சுமையை அதன் தலையில் ஏற்றலாம், சூடாகிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும். இதே தத்துவத்தில் அவர் செய்த ஸ்டார்ட்டர் 1912 மாடல் காடிலாக் கார்களில் வந்தது. அதுவரை முன்பக்கக் கம்பியைக் கையால் சுற்றித்தான் காரைக் கிளப்பினார்கள். கம்பி ரிட்டர்ன் அடித்துக் கை ஒடிந்தவர்கள் ஏராளம்.

காரில் வந்தது பைக்கில் வரக்கூடாதா? 1914-ல் அந்தத் துணிச்சல் ஒரு கம்பெனிக்கு வந்தது. பெயர் "இந்தியன்". பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், அது அமெரிக்கக் கம்பெனி. ஹெண்டி ஸ்பெஷல் என்ற மாடலில் மின் ஸ்டார்ட்டர், மின் விளக்கு இரண்டும் வைத்தார்கள். விலை 325 டாலர். இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள். மோட்டாரே ஜெனரேட்டராகவும் மாறி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும். யோசனை அருமை, ஆனால் அந்தக் காலத்துப் பேட்டரிகளால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியவில்லை. சார்ஜ் இறங்கிவிடும், அதிர்வில் கெட்டுப்போகும். அந்த ஒரு வருடத்தோடு மாடலை நிறுத்திவிட்டார்கள். சரக்கு நல்லதாக இருந்தும், அதைத் தாங்கும் ஒரு பாகம் பின்தங்கியதால் விழுந்த வியாபாரம்!

அதன்பின் வெகுகாலம் பெரும்பாலான பைக்குகளில் கிக்கர்தான் ராஜா. 1960-ல் ஹோண்டா தன் சூப்பர் கப் வண்டியில் செல்ப் ஸ்டார்ட் உள்ள சி102 மாடலைக் கொண்டுவந்தது. பெரிய வண்டிதான் ஆண்பிள்ளை வண்டி, உதைத்துக் கிளப்புவதே வீரம் என்று மற்றவர்கள் நினைத்திருந்தபோது, உதைக்க முடியாதவர்களும் உதைக்க விரும்பாதவர்களும் ஒரு மார்க்கெட் என்று ஹோண்டா கண்டுகொண்டது. 1965-ல் ஹார்லி டேவிட்சனும் இறங்கி வந்தது. அந்த வண்டிக்கு வைத்த பெயரே எலக்ட்ரா கிளைடு. 1969-ல் ஹோண்டா சிபி750 வந்தது. 736 சிசி, நான்கு சிலிண்டர், ஸ்விட்சைத் தொட்டால் கிளம்பும்.

பிரிட்டிஷ் கம்பெனிகள் விழித்துக்கொண்டபோது நேரம் கடந்துவிட்டது. 1975-ல் நார்ட்டன் கமாண்டோ மார்க் 3-ல் செல்ப் வைத்தார்கள். 828 சிசி, இரண்டே சிலிண்டர். ஒவ்வொன்றும் 414 சிசி, ஹோண்டாவில் ஒன்று 184 சிசிதான். பெரிய சிலிண்டரில் காற்றை அழுத்தி பிஸ்டனை மேலே தள்ள அதிக பலம் வேண்டும். பொருத்திய மோட்டாருக்கு அந்த பலம் போதவில்லை. அது ஸ்டார்ட்டர் இல்லை, கிக்கருக்கு உதவியாள் என்று ஓட்டியவர்களே கேலி செய்தார்கள். 1970கள் முடிவதற்குள் கமாண்டோ உற்பத்தியே நின்றுபோனது. காரணம் இது ஒன்று மட்டும் அல்ல, ஆனாலும் இதுவும் ஒன்று.

இந்தியாவில் 1984-ல் வந்த கைனடிக் ஹோண்டா ஸ்கூட்டர் செல்ப் ஸ்டார்ட்டைப் பலருக்கு அறிமுகம் செய்தது. வண்டியைச் சாய்த்து உதைக்கும் பழக்கத்துக்கு நடுவே, புடவை கட்டியவர்களும் வயதானவர்களும் நிம்மதியாகக் கிளப்பிய வண்டி அது.

சரி, இந்த வரலாறு தெரு ஓரத்தில் நிற்கும் வண்டிக்கு எப்படி உதவும்? சத்தத்தைக் கேளுங்கள்.

"டிக் டிக் டிக்" என்று வேகமாக அடித்தால் 1914-ன் வியாதி: பேட்டரி பலவீனம், அல்லது அதன் டெர்மினல் லூஸ். நல்ல 12 வோல்ட் பேட்டரி சும்மா இருக்கும்போது சுமார் 12.6 வோல்ட் காட்டும். ஸ்விட்சை அமுக்கும்போது 9.5-க்கும் கீழே விழுந்தால் அதில் தெம்பு இல்லை.

ஒரே ஒரு "டிக்", பிறகு மௌனம் என்றால், பேட்டரி நன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ரிலேயைச் சந்தேகிக்கலாம். மோட்டார் இழுக்கும் பெரிய கரண்ட் ஹேண்டில்பாரின் மெல்லிய ஒயரில் போக முடியாது என்பதால் நடுவில் ரிலே இருக்கிறது. அதன் முனைகள் கருகியிருக்கலாம். அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம்.

சத்தமே இல்லையா? ப்யூஸ், நியூட்ரல், கிளட்ச் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்டு ஸ்விட்ச் என்று வரிசையாகப் பாருங்கள்.

மோட்டார் மட்டும் "விர்ர்" என்று சுற்றி இன்ஜின் சுற்றவில்லை என்றால் ஒருவழி கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜினும் நன்றாகச் சுற்றி, ஆனால் பிடிக்கவில்லை என்றால் ஸ்டார்ட்டர் நிரபராதி! பிளக், பெட்ரோல் பக்கம் பாருங்கள்.

இன்று பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. பெட்ரோல் இன்ஜெக்ஷன் வண்டியில் பேட்டரி முழுவதும் செத்துவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் சிரமம், ஏனென்றால் பெட்ரோல் பம்புக்கே கரண்ட் வேண்டும். ஆகவே அந்த "டிக்" சத்தம் முதல்முறை கேட்ட அன்றே கவனிப்பது நல்லது. எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு மெக்கானிக்கிடம் போனால், தேவையில்லாமல் ஒரு புதுப் பேட்டரி வாங்கும் செலவாவது மிச்சமாகும்.