தடுமாற்றத்தின் வாயில்: ஒரு நூற்பாவும் உரையும்

மூப்பும் மறதியும் முன்னுறு வாதமும்
நெஞ்சின் தொழிலை நெடிதுகொள் பொறியும்
துயில்கெடு பொழுதும் துயிற்றும் மருந்தும்
நெஞ்சக அறுவை உற்றார் தமக்குத்
தடுமாற் றத்தின் வாயில் என்ப
அறிந்துமுன் காத்தல் அறிவோர் கடனே.

இந்நூற்பா என் நுதலிற்றோ எனின், இதய அறுவைக்குப் பின் சில நாள்களுள் தோன்றும் அறிவுத் தடுமாற்றத்திற்கு ஏதுவாவன இவை என உணர்த்துதல் நுதலிற்று.

மூப்பும் என்பது ஆண்டு முதிர்தல். 65 கடந்தார்க்கு இடர் மிகும். மறதியும் என்பது அறுவைக்கு முன்னரே நினைவும் கவனமும் குன்றியிருத்தல். வீட்டார் வயதின் இயல்பெனக் கழித்த சிறு குறைவும் இதனுள் அடங்கும். முன்னுறு வாதம் வினைத்தொகை. முன்பு உற்ற பக்கவாதம் என விரிக்க. இம்மூன்றும் நோயாளர் தம்முடன் கொணர்வன ஆகலின் ஒருங்கு வைத்தார். சிறுநீரகக் குறைவு, இரத்தசோகை, மனச்சோர்வு, மதுப்பழக்கம் என்பனவும் இனம்பற்றிக் கொள்க.

நெஞ்சின் தொழிலை நெடிதுகொள் பொறியும் என்பது இதய-நுரையீரல் இயந்திரம். 1953இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் இதனால் ஓர் அறுவையை வெற்றியுற முடித்தார். குருதி இப்பொறியின் குழாய்களின் வழி ஓடுங்கால் உடலில் அழற்சி எழும். நுண்துகள்கள் மூளையை அடைதலும் கூடும். நெடிது என்றமையின், வால்வும் பைபாஸும் ஒருங்கு செய்யுமிடத்துப் பொழுது நீளுதலும் இடரும் குறித்தார். பொறியின்றி அறுவை உற்றார்க்குத் தடுமாற்றம் வாராதோ எனின், வரும். ஏனைய ஏதுக்கள் அவர்க்கும் உளவாகலின்.

துயில்கெடு பொழுது என்பது தீவிர சிகிச்சைப் பிரிவில் விளக்கொளியாலும் கருவி ஒலியாலும் வலியாலும் உறக்கம் அழியும் இரவு. துயிற்றும் மருந்து என்பது பென்சோடயசெபைன் வகை. துயில் கெடுதலும் தீது, துயிற்றுதலும் தீது எனல் மாறுகொளக் கூறலாம் பிற எனின், ஆகாது; மருந்தால் எய்தும் மயக்கம் இயற்கைத் துயில் அன்மையின். ஆயினும் மதுவை நெடுநாள் உண்டு திடீரென நிறுத்தினார்க்கு இம்மருந்து வேண்டப்படுதலும் உண்டு.

தடுமாற்றம் என்றது டெலிரியத்தை. திடீரெனத் தோன்றுதல், ஏறி இறங்குதல், கவனம் சிதறுதல் இதன் இயல்பு. பிதற்றல் என்னாது தடுமாற்றம் எனப் பொதுப்படக் கூறியது, குழாய்களைப் பிடுங்கிக் கூச்சலிடுவாரையே அன்றிப் பேச்சற்றுச் சோர்ந்து கிடப்பாரையும் தழுவுதற்கு. பின்னவரையே பலரும் காணாது விடுவர்.

வாயில் என்றார், வாயில் திறந்திருப்பினும் புகுவோர் புகாமையும் உண்டாகலின். இவை உடையார் யாவர்க்கும் நோய் தப்பாது வரும் என்று கொள்ளற்க. எண்ணும்மைகளால், பல சேருமிடத்து இடர் மிகும் என்பது பெற்றாம். என்ப என்றது முன்னோர் மேற்று. 1964இல் மருத்துவர்களான பிளாக்லியும் ஸ்டாரும் இத்தடுமாற்றத்தைத் தனித்தெடுத்து எழுதினர்.

அறிந்துமுன் காத்தல் என்பதற்கு, அறுவைக்கு முன்னரே நினைவை ஆய்ந்தறிந்து, பின்னர் மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் மீளக் கொடுத்தல், வலி தணித்தல், பகலில் ஒளியும் இரவில் அமைதியும் அளித்தல், விரைவில் நடக்கச் செய்தல், உறவினரை அருகிருத்துதல் என உரைக்க. அறிவோர் என்னும் பொதுச்சொல் மருத்துவரோடு செவிலியரையும் உறவினரையும் உணர்த்தி நின்றது. நோயாளரின் பண்டை இயல்பை உறவினரே நன்கு அறிவராகலின்.

முறைவைப்பும் நோக்குக. மாற்றலாகாதன முன்னும், ஓரளவு குறைக்கத்தக்கது இடையும், மாற்றத்தக்கன பின்னும் நின்றன. மூப்பை நீக்கல் யார்க்கும் இயலாது. மூத்தாரின் இரவுத் துயிலைக் காத்தல் இயலும். கடனே என்னும் ஏகாரம் தேற்றம்.