அபிங்டன் விட்ட வெற்றிடம்

எம்.ஜி.பி. என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் 1962-இல் வெளிவந்தபோது அதில் ரேடியோ கிடையாது. டாஷ்போட்டின் நடுவில், கியர் தடிக்கு முன்னால், ரேடியோவுக்கென்று ஓர் இடம் விட்டு அதை ஒரு தகட்டால் மூடி அனுப்பினார்கள். அதற்குக் கீழே ஒரேயொரு ஸ்பீக்கருக்கு இடம். ஹீட்டர்கூட அப்போது தனிக்காசு கொடுத்தால்தான். ஒக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்து அபிங்டன் தொழிற்சாலை 1980 வரை இந்த வகைக் கார்களை ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்தது. பெரும்பகுதி கடல் கடந்து அமெரிக்காவுக்குப் போனது. காரை வாங்கியவர் பிறகு ஒரு நாள் கடைக்குப் போய், தன் கைக்கு ஏற்ற ரேடியோவைத் தெரிந்து, அந்தத் தகட்டைக் கழற்றிப் பூட்டிக்கொண்டார்.

லண்டனில் பழைய பிரிட்டிஷ் கார்களுக்கு வயர் வேலை செய்வது என் தொழில். ஸ்டீரியோ மாற்றக் காரைக் கொண்டு வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் மன்னிப்புக் கேட்பதுபோலத்தான் பேசுவார்கள். ஏதோ கோயில் சிலையில் கை வைக்கப் போகிறோம் என்ற தயக்கம். எனக்கு அந்தத் தயக்கம் இல்லை. இந்தக் காரில் பாட்டுப்பெட்டி பெரும்பாலும் தொழிற்சாலையின் வேலையாக இருந்ததில்லை. அது சொந்தக்காரரின் பங்கு. அறுபதுகளில் ஒருவர் பூட்டினார், எழுபதுகளில் இன்னொருவர் கழற்றி வேறொன்றைப் பூட்டினார், தொண்ணூறுகளில் மூன்றாமவர். ஆகவே ஸ்டீரியோ மாற்றுவது இந்தக் காரின் வரலாற்றுக்கு வெளியே நிற்கிற காரியம் அல்ல. என் சண்டையெல்லாம் இரும்பை வெட்டுகிறவர்களோடுதான்.

எம்.ஜி.பி. வந்த காலம் நல்ல காலம். அதற்குப் பத்து வருடம் முந்திய காரில் ரேடியோ என்றால் வால்வு ரேடியோ. வால்வுக்கு நூறு வோல்ட்டுக்கு மேல் வேண்டும், பற்றரி தருவதோ பன்னிரண்டு. இடையில் வைபிரேட்டர் என்ற ஒரு சாமான்: உள்ளே ஓர் உலோக நாக்கு செக்கனுக்கு நூறு தடவைக்கு மேல் துடித்து மின்சாரத்தை வெட்டி வெட்டிக் கொடுக்க, டிரான்ஸ்போமர் அதை உயர்த்தும். அது இரையும், சூடாகும், தேயும். 1932-இல் ஜெர்மனியில் புளோபுங்க்ட் விற்ற ஏ.எஸ். 5 என்ற கார் ரேடியோ 15 கிலோ எடை. ஓட்டுகிறவர் அதைத் தொடவே முடியாது, ஸ்டீயரிங் தண்டில் பூட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டியால்தான் இயக்க வேண்டும். டிரான்ஸிஸ்டர் வந்து இதையெல்லாம் ஒரே சின்னப் பெட்டிக்குள் அடக்கியபோதுதான் இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காருக்குள் ரேடியோவுக்கு உண்மையில் இடம் கிடைத்தது.

பிரிட்டனில் அந்த இடத்தை அதிகம் நிரப்பியது ரேடியோமொபைல் என்ற பெயர். ஸ்மித்ஸ் கம்பனியும் இ.எம்.ஐ.யும் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. ஸ்மித்ஸ்தான் எம்.ஜி.பி.யின் வேகமானியையும் செய்தது. அந்த ரேடியோவில் நடு அலை, நெடு அலை இரண்டு மட்டும். இரு பக்கமும் இரண்டு குமிழ், நடுவில் முள் நகரும் கண்ணாடி. அதைக் கேட்க அரசாங்கத்துக்குக் காசும் கட்ட வேண்டும். வீட்டு ரேடியோ லைசென்ஸ் காருக்குச் செல்லாது, காருக்கு வேறு லைசென்ஸ். 1971 பெப்ரவரியில்தான் ரேடியோ லைசென்ஸே ஒழிந்தது.

அந்த முள்ளை எங்கே நிறுத்தினார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. காரை வாங்கியவர்களில் இளவட்டங்கள் நிறைய. அவர்கள் கேட்க விரும்பிய பாட்டை பி.பி.சி. நாளுக்குச் சில மணி நேரம்தான் கொடுத்தது. 1964 ஈஸ்டருக்கு ரேடியோ கரோலைன் கிழக்குக் கரைக்கு அப்பால் ஒரு கப்பலிலிருந்து ஒலிபரப்பத் தொடங்கியது. அந்த வருட முடிவில் இன்னொரு கப்பலிலிருந்து ரேடியோ லண்டன், 266 மீற்றரில். நாள் முழுக்கப் பாட்டு. 1967 ஓகஸ்டில் சட்டம் போட்டு இவற்றைத் தடை செய்தார்கள். செப்டெம்பர் 30-ஆம் திகதி பி.பி.சி. தானே ரேடியோ 1-ஐத் தொடங்கியது, 247 மீற்றரில். கப்பல்களில் பேசியவர்கள் பலரே அங்கும் வந்து பேசினார்கள். ஹூட்டை மடித்துவிட்டு ஓடுகிற காரில் ஒற்றை ஸ்பீக்கரில் வந்த அந்தச் சத்தத்தை இன்றைய காதுக்கு நல்ல சத்தம் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைக் கேட்டவர்கள் சிலர் இன்றும் என் கராஜுக்கு வருகிறார்கள். அவர்கள் பேசும்போது நான் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

அதே 1967-இன் இலையுதிர்காலத்தில் காருக்குள்ளும் ஒரு பெரிய மாற்றம். அதுவரை வந்த எம்.ஜி.பி.க்கள் பொசிற்றிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பிளஸ் முனையை உடலில் பூட்டியவை. இன்றைய எந்த ஸ்டீரியோவும் மைனஸ் உடலில் இருக்கும் என்று எண்ணிச் செய்தது. தெரியாமல் பூட்டினால் பெட்டி புகைந்துவிடும். எனக்கு இது பாடப்புத்தகத்தில் வந்த அறிவு அல்ல. யாழ்ப்பாணத்தில் நான் வேலை பழகிய கராஜில் நின்ற ஒஸ்ரின் ஏ40-களும் பொசிற்றிவ் ஏர்த்தான். போர்க்காலத் தடையால் பெற்றோல் வராத தொண்ணூறுகளில் கார்பரேற்றருக்கு ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிய கார்கள். “தம்பி, முதல் பற்றரியைப் பார், பிறகு வயரைப் பார்” என்று எங்கள் மெக்கானிக் அண்ணை சொல்லித் தந்ததை லண்டனிலும் அப்படியே செய்கிறேன். எம்.ஜி.பி.யில் பற்றரியைப் பார்ப்பதும் ஒரு வேலை, அது சீற்றுகளுக்குப் பின்னால் தரைக்குக் கீழே இருக்கிறது. அப்போது இரண்டு 6 வோல்ட் பற்றரிகளைத் தொடராகப் பூட்டியிருந்தார்கள்.

ஏர்த்தை மாற்றுவது இயலாத காரியம் அல்ல. பற்றரி முனைகளைத் திருப்ப வேண்டும். டைனமோவின் எஃப் முனையில் உயிர் வயரை ஒரு கணம் தொட்டெடுத்து அதன் காந்தத்தைப் புதுத் திசைக்குப் பழக்க வேண்டும். பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் கோயிலின் (coil) இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். 1964-இன் கடைசிக்குப் பிறகு வந்த கார்களில் சுற்றுமானி மின்சாரத்தால் இயங்குவது, அதையும் உள்ளே திறந்து திருப்பாவிட்டால் முள் அசையாது. அக்கால ரேடியோக்கள் பலவற்றின் பின்னால் ஏர்த்தை மாற்றிப் போட ஒரு சின்னப் பிளக் உண்டு. வாங்குகிற ஆளின் கார் எதுவென்று தெரியாமல் செய்தவர்கள் யோசித்து வைத்த வசதி.

இரைச்சலைக் கொல்வதுதான் அந்தக் காலத்து ரேடியோ பூட்டுகிறவர்களின் உண்மையான கைவரிசை. எஞ்சினின் ஸ்பார்க் பிளக்கில் ஒவ்வொரு பொறியும் ஒரு சின்ன ரேடியோ நிலையம். நடு அலையில் அது அப்படியே விழும். கோயிலில் ஒரு கண்டென்சர் போட வேண்டும், அதுவும் சுவிட்சிலிருந்து வயர் வரும் பக்கத்தில். டைனமோவில் இன்னொன்று, டி முனையில் மட்டும், எஃப் முனையில் போட்டால் டைனமோவின் கட்டுப்பாட்டுப் பெட்டியின் பொயின்ற் எரியும். பின்பக்கத்தில் எஸ்.யு. பெற்றோல் பம்ப், அதற்குள்ளும் பொயின்ற் இருப்பதால் அது அடிக்கும் ஒவ்வொரு ‘டிக்’கும் பாட்டுக்கு நடுவே கேட்கும். எல்லாம் முடிந்தபின், 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மெல்லிய நிலையத்தைப் பிடித்து, ரேடியோவின் ஓரத்தில் இருக்கும் சின்னத் திருகாணியைத் திருப்பி ஏரியலைப் பொருத்த வேண்டும். இன்று புளூடூத் பெட்டி பூட்டுகிற பெடியளுக்கு இதில் ஒன்றும் தேவைப்படாது. இருந்தாலும் என்னிடம் வேலை பழக வருகிறவர்களுக்கு இதை முதலில் காட்டுவேன், ஏனென்றால் அம்பிளிஃபயரில் வரும் இரைச்சலும் அதே வழிகளால்தான் வருகிறது.

பிலிப்ஸ் 1963-இல் பேர்லின் கண்காட்சியில் வைத்த கசற் எழுபதுகளில் காருக்குள் வந்து சேர்ந்தது. அதோடுதான் வெட்டு ஆரம்பம். ஸ்டீரியோ என்றால் குறைந்தது இரண்டு ஸ்பீக்கர். பெரும்பாலான எம்.ஜி.பி.க்களின் கதவில் அதற்கு இடம் வைக்கவில்லை. அட்டையை அறுத்தார்கள், உள்ளே தகடு தடுத்தால் தகட்டையும் அறுத்தார்கள். இந்தக் காரின் கதவுக்குள் மழைத்தண்ணீர் இறங்கி அடியால் வடிவது இயல்பு. காகிதக் கூம்பு வைத்த ஸ்பீக்கர் அதில் ஊறிக் கிழிந்தது, வெட்டிய விளிம்பில் கறள் பிடித்தது. பிறகு 180-க்கு 50 மில்லிமீற்றர் என்ற ஜெர்மன் அளவு உலகமெங்கும் நிலைத்தது. இரண்டு குமிழ்த் தண்டுகளுக்கு இருந்த துளைகளையும் நடுச் சதுரத்தையும் சேர்த்து ஒரே நீள்சதுரமாக அரிந்தார்கள். அப்படி அரிந்த டாஷ்போட்டுகள் எத்தனையோ என் கையால் போயிருக்கின்றன. தகடு வைத்து ஒட்டி, மேலே பூசி மறைக்கலாம். பழைய விளிம்பு திரும்பி வராது.

எண்பதுகளில் திருட்டு. மடக்கு ஹூட் உள்ள காருக்குக் கண்ணாடி உடைக்கவும் தேவையில்லை, கத்தியால் ஒரு கீறல் போதும். நியூயோர்க்கில் ‘ரேடியோ இல்லை’ என்று எழுதிய அட்டையைக் கார்க் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார்கள். பெட்டியோடு இழுத்தெடுத்துக் கையில் கொண்டுபோகும் ஸ்டீரியோ, இரகசிய எண் கேட்கும் ஸ்டீரியோ, முகப்பை மட்டும் கழற்றிச் சட்டைப்பையில் போடும் ஸ்டீரியோ எல்லாம் அந்தப் பயத்தில் பிறந்தவை. அந்தக் காலத்தில் காரை வைத்திருந்த பலர் ரேடியோவையே கழற்றிவிட்டுப் பழைய தகட்டைத் தேடிப் பூட்டினார்கள்.

இன்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது வலு. பெட்டியில் 50 வாட்ஸ், நான்கு ஸ்பீக்கர் என்று அச்சடித்திருக்கும். ஓடுகிற காரின் மின்னழுத்தம் ஏறக்குறைய 14 வோல்ட். அதைக்கொண்டு 4 ஓம் ஸ்பீக்கர் ஒன்றுக்குச் சாதாரண அம்பிளிஃபயர் 6 வாட்ஸ்தான் தர முடியும். ஸ்பீக்கரின் இரண்டு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் தள்ளினால் நான்கு மடங்கு, 24. அதற்கு மேல் வேண்டுமென்றால் மின்னழுத்தத்தை உயர்த்தும் தனி அம்பிளிஃபயர் வேண்டும். இரண்டு முனையையும் தள்ளுகிற இந்த முறையில் ஸ்பீக்கர் வயர் எதுவும் உடலைத் தொடக்கூடாது. பழைய ஒற்றை ஸ்பீக்கரின் ஒரு முனை உடலில் ஏர்த் ஆகியிருந்தால், அந்த வயரிலேயே புதுப் பெட்டியைக் கொழுவுகிறவர் அன்றைக்கே அதை எரிக்கிறார்.

வலு வேண்டுமென்றால் அது எங்கிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும். 1967-க்கு முந்திய எம்.ஜி.பி.யின் லூக்காஸ் சி40 டைனமோ 22 அம்பியர் தரும், அதுவும் எஞ்சின் ஓரளவு வேகமாகச் சுற்றினால். இரவு, மழை, குளிர் மூன்றும் சேர்ந்தால் ஹெட்லைற், வைப்பர், ஹீட்டர் விசிறி, கோயில் எல்லாம் சேர்ந்து அதைக் கிட்டத்தட்டத் தின்றுவிடும். சிக்னலில் நின்றால் டைனமோ ஒன்றுமே தராது. மின்சாரமும் பற்றரியும் தடைப்பட்ட யாழ்ப்பாணத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் ரேடியோவைக் கொழுவி பி.பி.சி. தமிழோசை கேட்டவர்கள் நாங்கள். சுற்றுகிறவரின் கை தளர்ந்தால் செய்தி மங்கிவிடும். ஒரு டைனமோவிடம் எவ்வளவு கேட்கலாம் என்பதை அப்போது கற்ற எனக்கு, இந்தக் காரில் ஆயிரம் வாட்ஸ் கேட்கிறவரைப் பார்த்தால் கவலைதான் வரும். 1967-க்குப் பிந்திய கார்களில் முதலில் வந்த ஆல்டர்னேற்றர் 34 அம்பியர், அது கொஞ்சம் தாங்கும். இப்போது டைனமோ உருவத்திலேயே உள்ளே ஆல்டர்னேற்றர் வைத்து விற்கிறார்கள். மாற்றக் கேட்கிறவர்களுக்கு நான் அதைத்தான் பூட்டிக் கொடுக்கிறேன்.

ஆனால் திறந்த காரில் பெரிய பேஸ் ஸ்பீக்கர் வீண் செலவு. ஓவர்டிரைவ் இல்லாத எம்.ஜி.பி. மணிக்கு 70 மைலில் ஓடும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 3,900 சுற்றுப் பக்கம் சுற்றும். காற்றும் எஞ்சினும் ரயரும் சேர்ந்த சத்தத்தில் முதலில் மூழ்குவது கீழ் ஒலிதான். குரலும் வயலினும் தப்பிக்கும். ஆகவே நல்ல நடு ஒலி தரும் சின்ன ஸ்பீக்கர்களை, சீற்றுக்குப் பின்னால் தனிப் பெட்டியில், காதுக்குக் கிட்ட வைக்கிறேன். சூடு குறைந்த டி வகை அம்பிளிஃபயர் உள்ளங்கை அளவில் வருகிறது, அது டாஷ்போட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். எதற்கும் துளை போடுவதில்லை, ஏற்கெனவே இருக்கும் திருகாணிகளே போதும்.

பழைய ரேடியோவை என்ன செய்வது என்பதுதான் கடினமான கேள்வி. ரேடியோ 1 பிறந்த 247 மீற்றர் 1978-இல் ரேடியோ 3-க்குப் போனது. 1993-இல் அங்கே வேர்ஜின் ரேடியோ வந்தது, பிறகு அது அப்சொலூட் ஆனது, 2023 ஜனவரியில் அந்த அலையில் ஒலிபரப்பை நிறுத்திவிட்டார்கள். 2024-இல் ரேடியோ 4 நெடு அலையில் கொடுத்துவந்த தனி நிகழ்ச்சிகளும் நின்றன. பிடிக்க நிலையம் குறைந்துபோன ரேடியோவின் உள்ளுறுப்பை எடுத்துவிட்டு, அந்தக் கூட்டுக்குள் புளூடூத் பலகை வைத்துத் தருகிற வேலை இங்கே ஒரு தொழிலாகிவிட்டது. குமிழும் கண்ணாடியும் அப்படியே இருக்கும், பாட்டு போனிலிருந்து வரும். செத்த ரேடியோவுக்கு இதைச் செய்ய எனக்குச் சம்மதம். உயிரோடிருப்பதற்குச் செய்ய மாட்டேன். பல ரேடியோக்கள் செத்ததுபோலத் தெரிவது ஏ.எஃப். 117 என்ற டிரான்ஸிஸ்டரால். அக்கால பிரிட்டிஷ் ரேடியோக்களில் பரவலாக இருந்த அதன் உலோகக் கூட்டுக்குள் காலப்போக்கில் வெள்ளீய மயிர்கள் முளைத்துக் கூட்டையும் கால்களையும் தொடுக்கும். நான்கு கால்களில் கூட்டோடு சேர்ந்த காலை மட்டும் வெட்டிவிட்டால் பல தடவை ரேடியோ பாடத் தொடங்கிவிடும்.

அப்படிப் பிழைத்த ரேடியோவை அதன் இடத்திலேயே விட்டு, மறைவாக வைத்த புது அம்பிளிஃபயருக்குத் தனி வயர் இழுக்கிறேன். காருக்குரிய நிறங்களிலேயே வயர் வாங்குகிறேன். ஒவ்வொரு முனையும் எங்கே போகிறது, ஏர்த் எந்தப் பக்கம், ஃபியூஸ் எத்தனை அம்பியர் என்று தாளில் கையால் வரைந்து, கழற்றிய தகட்டோடும் திருகாணிகளோடும் ஒரு பையில் போட்டுச் சொந்தக்காரரிடம் கொடுக்கிறேன். காரை விற்கும்போது பையையும் சேர்த்துக் கொடுங்கள் என்று சொல்கிறேன்.