28 பக்கம் கொண்ட ஊர்

நான் வரலாற்றுப் பேராசிரியை இல்லை, நர்ஸ். அலபாமாவில் உள்ள டஸ்கீகி என்ற ஊரின் பெயரை நர்ஸிங் படிப்பில்தான் முதலில் கேட்டேன். சிபிலிஸ் இருந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் 1932 முதல் 1972 வரை கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தார்களே, அந்த ஆய்வு நடந்த ஊர். அங்கே ஓட்டுரிமைக்கும் ஒரு பெரிய வழக்கு நடந்தது என்பது, அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, முதல் ஓட்டுப் போடும் முன் படித்தபோதுதான் தெரிந்தது.

டஸ்கீகியில் கறுப்பினத்தவரின் கல்லூரி இருந்தது. முன்னாள் படைவீரர் மருத்துவமனை இருந்தது. பேராசிரியர்கள், டாக்டர்கள், நர்ஸ்கள் என்று படித்தவர்கள் நிறைய. ஆனாலும் வாக்காளராகப் பதிவது லேசில்லை. சமூகவியல் பேராசிரியர் சார்லஸ் கோமிலியன் 1928இல் அந்த ஊருக்கு வந்தவர். 1939இல்தான் அவரால் பதிய முடிந்தது. அப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்து 400 பேர் ஆனார்கள்.

நகராட்சி கைநழுவிவிடும் என்று வெள்ளையர்களுக்குப் பயம் வந்தது. 1957இல் செனட்டர் சாம் எங்கல்ஹார்ட் கொண்டுவந்த மசோதாவை மாநிலச் சட்டசபை நிறைவேற்றியது. சதுரமாக இருந்த ஊர் 28 பக்கம் கொண்ட உருவமானது. அந்த 400 பேரில் நான்கைந்து பேர் தவிர எல்லாரும் ஊருக்கு வெளியே. வெள்ளையரில் ஒருவர்கூட வெளியே போகவில்லை. யார் பெயரையும் பட்டியலிலிருந்து அடிக்கவில்லை, யார் வீட்டையும் இடிக்கவில்லை. நோயாளியைக் கட்டிலிலேயே விட்டுவிட்டு வார்டை நகர்த்திய மாதிரி! எல்லைக்கல்லைப் பெயர்ப்பவனை நீதிமொழிகள் ஏன் எச்சரிக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

மக்கள் சர்ச்சுகளில் கூடிப் பேசி, வெள்ளையர் கடைகளில் சாமான் வாங்குவதை நிறுத்தினார்கள். கோமிலியனும் மற்றவர்களும் வழக்குப் போட்டார்கள். எல்லை வரைவது மாநிலத்தின் அதிகாரம் என்று கீழ்நீதிமன்றங்கள் இரண்டும் கைவிரித்தன. உச்ச நீதிமன்றத்திலும் நம்பிக்கைக்குப் பெரிதாக இடமில்லை. தொகுதி எல்லை விவகாரம் ஒரு முள்புதர், நீதிமன்றம் அதில் நுழையக்கூடாது என்று 1946இல் எழுதிய நீதிபதி ஃப்ராங்ஃபர்ட்டர் அங்கே இருந்தார். வழக்கறிஞர் ஃப்ரெட் கிரே பெரிய வரைபடம் ஒன்றைக் கொண்டுபோய் நிறுத்தினார். இதில் கல்லூரி எங்கே என்று கேட்டார் ஃப்ராங்ஃபர்ட்டர். ஊருக்கு வெளியே என்றார் கிரே. 1960 நவம்பர் 14 அன்று அந்தச் சட்டத்துக்கு எதிராக எல்லா நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதை எழுதியவர் அதே ஃப்ராங்ஃபர்ட்டர். (பின்னாளில் சிபிலிஸ் ஆய்வில் பாதிக்கப்பட்டவர்களுக்காக வாதாடியவரும் இதே கிரேதான்.)

1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. கோடு வரையும் வேலை மட்டும் ஓயவில்லை. அலபாமா மக்களில் ஏறக்குறைய 27 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். ஆனால் பிரதிநிதிகள் சபைக்கான 7 தொகுதிகளில் அவர்கள் பெரும்பான்மையாக இருந்தது ஒன்றே ஒன்றில். இது அந்தச் சட்டத்துக்குப் புறம்பாக இருக்கக்கூடும் என்ற கீழ்நீதிமன்ற முடிவை, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் உறுதிசெய்தது. மாநிலம் மறுபடி வரைந்த வரைபடத்திலும் கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி ஒன்றுதான். அதன்பின் நீதிமன்றமே ஆள் வைத்து வரைந்தது. அதுவரை வெள்ளையர் பெரும்பான்மையாக இருந்த 3ஆம் தொகுதியில் கிடந்த டஸ்கீகி, புதிய 2ஆம் தொகுதிக்கு வந்தது. 2024 நவம்பரில் அங்கே ஷொமாரி ஃபிகர்ஸ் என்ற கறுப்பினத்தவர் ஜெயித்தார்.