தந்தை கடனும் மூவகைச் சான்றிதழும்

ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல் தொகுக்கப்பட்ட தேசவழமை, பெற்றோர் பட்ட கடனைப் புதல்வர் தீர்த்தல் வேண்டுமென விதித்தது. முதுசம் எதுவும் கிடையாதவிடத்தும் அப்பொறுப்பு நீங்கவில்லை. கடன்பட்டவன் இறப்பினும் கடன் இறவாதிருந்தது.

ஆங்கிலேயர் 1853 இல் இயற்றிய 7 ஆம் இலக்க வங்குரோத்துக் கட்டளைச் சட்டமோ கடனுக்கு ஒரு முடிவை வகுத்தது. உடைமைகளை ஒப்படைத்துச் சான்றிதழ் பெற்றவன் எஞ்சிய கடனினின்று விடுபட்டான். ஆயினும் அச்சான்றிதழ் மூன்று வகுப்புகளாக வழங்கப்பட்டது: தவிர்க்கவியலா நட்டத்தால் நொடிந்தவனுக்கு முதலாம் வகுப்பு; ஓரளவே அவ்வாறு நொடிந்தவனுக்கு இரண்டாம் வகுப்பு; ஏனையோர்க்கு மூன்றாம் வகுப்பு. பரீட்சை மண்டபத்துக்கு வெளியேயும் வகுப்புப் பிரித்தனர் போலும்! இங்கிலாந்து இப்பாகுபாட்டை 1861 இல் கைவிட்டது.

எனினும், ஈடு பெற்றவனின் உரிமையை இச்சட்டம் தீண்டவில்லை. காணியை ஈடுவைத்த கமக்காரனுக்கு விடுதலைச் சான்றிதழால் விளையும் பயன் யாது? அவனையும் கடன்கொடுத்தவனையும் அழைத்து இணக்கம் பேசுவிக்கும் கடன் இணக்கச் சபைக்கு 1941 இன் 39 ஆம் இலக்கச் சட்டமே வழிவகுத்தது.