குமுதினிப் படகும் செய்தியேடுகளும்

1985 மே 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்குப் புறப்பட்ட குமுதினிப் படகிலே பயணிகள் பலர் வெட்டிக் கொல்லப்பட்டனர். மாண்டவர் தொகை குறைந்தது 23 என்பது ஒரு பதிவு. 36 என்பது மற்றொன்று. செய்தி வரலாற்றை ஆராய்வோர் இவற்றை அருகருகே வைத்து, எந்த ஏடு எத்தனை வரி ஒதுக்கிற்று, யாரைச் சான்று காட்டிற்று, கொன்றவரைச் சுட்டிற்றா எனப் பார்த்தல் வேண்டும்.

வாசகரைக் கணிப்பதோ கடினம். சனசமூக நிலையத்து மேசையிற் கிடந்த ஓர் ஏட்டைப் பலர் படித்தனர். முதியோர்க்கு ஒருவர் உரத்துப் படித்துக் காட்டினார். விற்பனைக் கணக்கில் இவர்கள் இல்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகமும் ஈழநாடு அலுவலகமும் எரிக்கப்பட்டமையாற் பழைய ஏடுகள் அருகின. 2005இல் தோன்றிய ‘நூலகம்’ இணையத் தொகுப்பு எஞ்சியவற்றைத் தேடிச் சேர்த்து வருகின்றது. உயிர் தப்பியோரின் வாய்மொழியையும் அவற்றோடு ஒப்பிட்டுப் படிக்கவேண்டியிருக்கிறது.